வீட்டுக்குப் போன மூச்சுப் பைகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருப்பார்கள். எப்படி ஊதச் சொல்வது, பையை எப்படி மூடுவது, பையிலிருந்து குழாய்க்குக் காற்றை எப்படி மாற்றுவது என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள். அதையெல்லாம் நான் மறுபடி சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன்.

முப்பத்து மூன்று வருஷம் அரசு சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் நான். தருமபுரி மாவட்டத்தில் நான் கால் வைக்காத லேப் குறைவு. ரத்தம், சளி, மூத்திரம், மலம் எல்லாம் பார்த்தாயிற்று, மனுஷன் மூச்சு ஒன்றுதான் பாக்கி என்று ஓய்வு பெற்ற அன்று கேலியாகச் சொன்னேன். ஆறே மாதத்தில் மூச்சும் வந்து சேர்ந்தது. பெருங்குடல் புற்றுநோயை மூச்சை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கும் குழுவில், ஊர் ஊராகப் போய் மூச்சு சேகரிக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

விஷயம் இதுதான். குடலில் கட்டி வளரும்போது சில வாயுக்கள் உண்டாகி, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியே வருகின்றன. அதைக் கருவி பிடிக்கிறது. ஆனால் மூச்சு சந்தேகத்தைத்தான் சொல்லும், முடிவைச் சொல்லாது. சந்தேகம் வந்தவர்களுக்கு ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நம் ஊர்களில் அதற்குப் பெயர் கேமரா டெஸ்ட். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும்தான் மூச்சு வாங்குவோம்.

ஆரம்பத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. முதல் முகாமின் மூச்சுகளைப் பார்த்துவிட்டு ஆய்வகத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். “மேடம், பாதிப் பையில ஏலக்காய் இருக்கு” என்றான். காலையில் எழுந்த வாயோடு ஒரு அரசாங்க அம்மா முன்னால் ஊதுவதா என்று கூச்சப்பட்டு, மரியாதைக்காக எல்லோரும் ஏலக்காய் மென்றுவிட்டு வந்திருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வாயில் போட்டதைக்கூட அந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இப்போது என் பழைய புத்தி எங்கே குறுக்கே வந்தது என்று சொல்கிறேன். சளியோ மலமோ, லேபில் யாரும் நம் முன்னால் உட்கார்ந்து கொடுப்பதில்லை. டப்பாவைக் கொடுத்தனுப்புவோம், மறுநாள் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டு வருவார்கள். முப்பத்து மூன்று வருஷம் அப்படித்தான். ஆகவே முகாமுக்கு வர முடியாதவர்களின் வீட்டார், “பையக் குடுங்க மேடம், வூட்டுல ஊதி வாங்கியாறோம்” என்றபோது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. படிவத்தில் ‘ஊதியதை நேரில் பார்த்தேன்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே மடமடவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவேன். அந்த வரியை ஒரு நாளும் படித்ததில்லை.

அப்படி ஒரு பை மொரப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய் வந்தது. சின்னப்பன் என்று ஒருவர், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. முகாம் நாளில் அவருக்கு டூட்டி. மூச்சில் சந்தேகம் என்று வந்ததும் வீடே அழுதது. கேமரா டெஸ்டில் குடல் சுத்தமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோழி அடித்து எனக்கும் சோறு போட்டார்கள். சின்னப்பனின் அண்ணன்தான் நின்று பரிமாறினார். நீங்களும் உட்காருங்கள் என்றதற்கு, “எனக்கு வயிறு மந்தமா இருக்குங்க, நீங்க சாப்பிடுங்க” என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். இந்தச் சோதனையில் சில நேரம் இப்படித் தப்பாக வரும் என்று எங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நான் படிவத்தில் ‘தவறான சந்தேகம்’ என்று எழுதிக் கோப்பை மூடினேன். சின்னப்பனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அடுத்தது மாரண்டஹள்ளிக்கு மேற்கே ஒரு தக்காளி ஊர். பெயர் வேண்டாம். முகாமுக்குப் பெண்கள் வந்தார்கள், ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் வயிற்றில் காலையில் ஊத வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் தக்காளிக் கூடைகளோடு மார்க்கெட்டில் இருப்பார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, ‘ஊது’ என்ற சொல்லை அவர்கள் இதுவரை போலீஸ்காரர் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறார்கள். டெம்போ ஓட்டும் ஒருவர் என்னைப் பார்த்ததும், “பேடா மேடம், பேடா” என்று கன்னடத்தில் வேண்டாமென்று கும்பிட்டார். “நேத்து சாயங்காலம் கொஞ்சம் போட்டுட்டேன். இதுல ஊதினா லைசென்ஸ் போயிருங்க” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

அந்த ஊரில் எங்களுக்குத் துணையாக இருந்தவள் மாதேஸ்வரி. வீடு வீடாகப் போய் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுக்கும் தன்னார்வலர். முப்பத்தாறு வயது. இரண்டு பெண் குழந்தைகள். கணவன் ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். நடப்பதே ஓடுவது போல் இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, அதில் நோட்டு, பேனா, ஒரு பழைய தைல டப்பாவில் ஓமம். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஓமத்தை வாயில் போட்டுக்கொள்வாள்.

ஆண்களின் பைகளை அவளிடம்தான் கொடுத்தனுப்பினேன். வாங்கி வந்தாள். அதில் ஐந்து பைகள் பாதிகூட நிரம்பாமல் தொங்கின. பயத்தில் ஒப்புக்கு இரண்டு ஊது ஊதிக் கொடுத்திருக்கிறார்கள். தொங்கும் பையை ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடும். எனக்கு மேலிடத்திலிருந்து அன்று காலைதான் திட்டு விழுந்திருந்தது, ஆண்களின் மூச்சு போதவில்லை என்று. அந்தக் கோபத்தை அப்படியே இவள் தலையில் இறக்கினேன்.

“இது என்ன மாதேஸ்வரி, பையா காலிக் கவரா? நாளைக்குக் காலையில அஞ்சு பையும் கும்முன்னு வரணும். முடியலன்னா சொல்லிரு, வேற ஆள் பாத்துக்கறேன்.”

பத்துப் பெண்கள் முன்னால் சொன்னேன். அவள் முகம் சிறுத்துவிட்டது. “கொண்டாந்துடறேன் மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஐந்து பைகளும் கும்மென்று வந்தன. “பாத்தீங்களா, மெரட்டினாத்தான் வேல நடக்குது” என்று எங்கள் டிரைவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. அந்த ஊரில் ஐந்து பேருக்குச் சந்தேகம். ஐந்தும் ஆண்கள். ஒரு மாவட்டம் முழுக்கத் தேடினால் வர வேண்டியது ஒரு சின்ன ஊரில், நாலு தெருவுக்குள் வந்திருக்கிறது. ஐந்து வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் ஊர் மிரண்டுவிட்டது. தக்காளிக்கு அடிக்கும் மருந்துதான் குடலுக்குப் போய்விட்டது என்றார்கள். ஒருவர் மருந்தடிக்கும் மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். குழந்தைகளுக்குத் தக்காளி போட்ட குழம்பு ஊற்றுவதை நிறுத்தினார்கள். முனியப்பன் என்பவர், ஐவரில் மூத்தவர், சாப்பாட்டையே விட்டுவிட்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்து, நாள் குறித்தார். மாதேஸ்வரி அந்த ஐந்து வீடுகளுக்கும் தினமும் போனாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவளும் இளைத்துப்போனாள். பாவம், ஊருக்காக எப்படி உருகுகிறாள் என்று நினைத்தேன்.

முதலில் இரண்டு பேரைக் கேமரா டெஸ்டுக்கு அழைத்துப் போனோம், முனியப்பனையும் இன்னொருவரையும். முந்தின நாளே பேதிமருந்து குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். முனியப்பன் அதைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு பேருக்கும் குடல் சுத்தமாக இருந்தது. ஒரு சின்ன வீக்கம்கூட இல்லை. நான் வெளியே வந்து சிரித்துக்கொண்டே மற்ற மூவருக்கும் போன் போடப் போனேன்.

டெஸ்ட் செய்த டாக்டர் சிரிக்கவில்லை. என் மகளைவிடச் சின்னப் பெண். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“ஒரே ஊர்ல அஞ்சு பேருக்கு ஒரே சமயத்துல தப்பா வருமாம்மா? இவங்க ஊதினத நீங்க பாத்தீங்களா?”

“கையெழுத்துப் போட்டிருக்கேனே டாக்டர்.”

“கையெழுத்தக் கேக்கல. பாத்தீங்களா?”

முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேள்வி என்னை யாரும் கேட்டதில்லை. அவர் என் முகத்திலேயே பதிலைப் பார்த்துக்கொண்டார். அங்கேயே நின்று ஆய்வகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அதே ஏலக்காய்ப் பையன். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சிறிது நேரம் கழித்து அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அஞ்சும் அச்சு அசலா ஒண்ணு மாதிரி இருக்கு டாக்டர். அஞ்சுலயும் ஓமம் வேற இருக்கு. அந்த ஊர்ல எல்லாருமே ஓமம் சாப்பிடுவாங்களா?”

டாக்டர் போனை வைத்தார். “அப்போ இது அஞ்சு பேர் இல்லம்மா. ஒருத்தர். அந்த ஒருத்தர இன்னும் யாரும் பாக்கல” என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அந்தத் தைல டப்பா கண் முன்னால் வந்துவிட்டது. யாரென்று அவரிடம் அப்போது சொல்லவில்லை. நாளைக்கு அழைத்து வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பாலக்கோடு வரைக்கும் எனக்கு ஆத்திரம்தான். ஐந்து குடும்பத்தைக் கதற வைத்துவிட்டு, கஞ்சி வேறு காய்ச்சிக் கொடுத்தாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பாலக்கோடு தாண்டியதும் ஆத்திரம் போய் பயம் வந்தது. போனதும் கத்தினால் அவள் மறுத்துவிடுவாள். மறுத்துவிட்டால் பிறகு ஒருநாளும் டெஸ்டுக்கு வரமாட்டாள். இந்த இடத்தைக் கவனியுங்கள். நம் வேலையில் யார் தப்பு என்று கண்டுபிடிப்பதும் யாருக்கு நோய் என்று கண்டுபிடிப்பதும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இரண்டையும் ஒன்றாகக் கேட்கக் கூடாது. எதை முதலில் கேட்பது என்பதுதான் அன்றைக்கு நான் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தது.

பள்ளிக்கூட வராந்தாவில் அவள் ஒரு பெரியவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போகும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அந்த ஓமத்தக் கொஞ்சம் குடு மாதேஸ்வரி. எனக்கும் வயிறு சரியில்ல.”

கொடுத்தாள். டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

“இது எத்தன நாளா போட்டுக்கற?”

“ஒரு வருசமா இருக்கும் மேடம். சாப்ட்டா உப்பிக்குது. அப்பப்ப முறுக்கும்.”

“வெளிக்கிப் போறப்ப ரத்தம்?”

சுற்றிலும் பார்த்தாள். குரலை இறக்கினாள். “அது மூலச்சூடுங்க மேடம். சோத்துக் கத்தாழ சாப்பிடறேன்.”

“எப்பலேர்ந்து?”

“தீவாளிக்கு முன்னாடியிருந்து.”

இதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் நான் மற்றதற்குப் போனேன். “மாதேஸ்வரி, அஞ்சு பை தொங்கிப்போய் வந்துச்சு. மறுநாள் கும்முன்னு வந்துச்சு. எப்படி?”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். “மேடம், வேலய விட்டு எடுத்துராதீங்க மேடம்.”

“எடுக்கல. ஒக்காந்து சொல்லு.”

“மறுக்கா வூட்டு வூட்டா போனேங்க. ஆம்பளைங்க ஒருத்தருமில்ல, எல்லாம் வெடியவே காட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க வேற ஆள் பாத்துக்கறேன்னு சொன்னீங்க. கொறையறத நானே ஊதி நெரப்பிட்டேன். காத்துதானே மேடம். எல்லாரு மூச்சும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்.”

“அப்புறம் இத்தன நாளா ஏன் வாயத் தெறக்கல? முனியப்பன் சாப்பிடாமக் கெடந்தாரே.”

“தெனமும் சொல்லணும்னுதான் அவங்க வூட்டுக்குப் போவேன். வாய் வராது. ரெண்டு மூச்சு கலந்ததால மெஷினு கொழம்பிப் போயிருக்கும், கேமராவுல பாத்தா அவங்களுக்கு ஒண்ணுமில்லன்னு வந்துரும்னு இருந்தேன் மேடம்.”

“ஒண்ணுமில்லன்னுதான் வந்திருக்கு. ரெண்டு பேருக்கும் சுத்தமா இருக்கு.”

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். “மாதேஸ்வரா, காப்பாத்திட்ட” என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த ஓம டப்பாவைப் பார்த்தாள். தூக்கிய கை மெதுவாக இறங்கியது. அதுவரைக்கும் என்னை மேடம் என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

“அக்கா” என்றாள். “அந்த மூச்சு என்னுதுக்கா.”

எத்தனையோ பேருக்கு எத்தனையோ ரிசல்ட் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி தன் ரிசல்ட்டைத் தானே கண்டுபிடித்து என்னிடம் சொன்னது அன்றுதான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். மாட்டேன் என்றாள். அவளுடைய பயம் நோயைப் பற்றி இல்லை. “எதுக்குக் கேமரா டெஸ்டுன்னு ஊரு கேக்கும். என்னாலதான் அத்தன பேரும் அழுதாங்கன்னு தெரிஞ்சா, அப்புறம் எந்த வூட்டு வாசல்ல நான் போய் நிப்பேன்? முனியப்பண்ணன் வூட்டுக் கல்யாணம் முடியட்டும், வர்றேன்” என்றாள். முடியாது என்றேன். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து, ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான், நீ வாயைத் திறக்கவே வேண்டாம் என்றேன்.

அன்று சாயங்காலமே பால் சொசைட்டி முன்னால் ஐந்து பேரையும் கூப்பிட்டேன். பையை வீட்டுக்கு அனுப்பியது என் தப்பு என்றேன். பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதினேன் என்றேன். உங்கள் பைகளில் வேறொருவர் மூச்சு கலந்துவிட்டது, அந்தச் சந்தேகம் உங்கள் மூச்சால் வந்ததல்ல, இனி என் கண் முன்னால் ஊதுங்கள் என்றேன்.

“எங்களப் பாத்தா ஆடு மாடு மாதிரி இருக்குதா?” என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். என்ன சொன்னாலும் தகும் என்று நின்றேன். முனியப்பன் கத்தவில்லை.

“எம்மவ கல்யாணம் வர்ற வெள்ளிக்கெழமைங்க. படிச்சு முடிச்சுட்டுப் பண்ணிக்கறேன்னு அழுதா. நான் சாவப் போறேன், பாத்துட்டுச் சாவறேன்னு சொல்லித்தான் சம்மதிக்க வெச்சேன்” என்றார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. என் கையெழுத்து ஒரு பெண்ணின் படிப்பு வரைக்கும் போயிருக்கிறது. நிறுத்திவிடுங்கள் அண்ணா என்றேன். பத்திரிகை எல்லா ஊருக்கும் போய்விட்டது என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் படிப்பை முடிக்கவில்லை. இதை மட்டும் என்னால் எந்த டாக்டரைக் கொண்டும் சரிசெய்ய முடியவில்லை.

“அப்ப அது யாரு மூச்சுங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

சொல்ல மாட்டேன் என்றேன். பின்னாலிருந்து, “என்னுதுங்க” என்று குரல் வந்தது. மாதேஸ்வரி. வர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தும் வந்து, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். துண்டை உதறியவர் அவளைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார். இன்று வரைக்கும் அவர் அவளிடம் மாத்திரை வாங்குவதில்லை. முனியப்பன் மட்டும் அவள் பக்கத்தில் வந்தார்.

“நாளைக்கே போம்மா. அந்தப் பேதிமருந்து குடிக்க முடியாது. எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்க, உள்ள எறங்கும்” என்றார்.

இடது பக்கக் குடலில் கட்டி இருந்தது. குடல் சுவரைத் தாண்டவில்லை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். முப்பத்தாறு வயதுக்காரியிடம் நாங்கள் மூச்சே வாங்கியிருக்க மாட்டோம். கற்றாழை சாப்பிட்டுக்கொண்டே இன்னும் இரண்டு வருஷம் ஓடியிருப்பாள். இப்போது நன்றாக இருக்கிறாள். மாத்திரைப் பையோடு மறுபடியும் ஓடுகிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இங்கே முடியவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள் வார்டில் அவளைப் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்துகொண்டு, ஏதோ தப்பித்துவிட்ட குஷியில் அவளாகவே சொன்னாள்.

“ஏங்க்கா, நான் அஞ்சு பையில ஊதினதாலதானே டாக்டருக்குச் சந்தேகம் வந்துச்சு? ஒரே ஒரு பையில மட்டும் ஊதியிருந்தா என்னா ஆயிருக்கும்? அந்த ஒருத்தருக்குக் கேமரா போட்டுப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு அனுப்பி வெச்சிருப்பீங்க. என்னை யாரு தேடியிருப்பாங்க?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரே ஒரு பை. கேமராவில் ஒன்றுமில்லை. தவறான சந்தேகம். கோப்பு மூடியாயிற்று. என் கையெழுத்தோடு அப்படி ஒரு பை இருக்கிறது.

மறுநாள் காலை மொரப்பூருக்குப் போனேன். சின்னப்பன் வீட்டில்தான் இருந்தார். கோழி அடிக்கட்டுமா என்று கேட்டபடியே பாயை விரித்தார். நான் உட்காரவில்லை.

“அன்னிக்கு அந்தப் பையில நீங்களேதான் ஊதினீங்களா?”

“நாந்தாங்க ஊதினேன். பாதியில எனக்கு இருமல் புடிச்சிருச்சு. மிச்சத்த எங்கண்ணன் ஊதிக் குடுத்துச்சு. ஏங்க, அது தப்புங்களா?”

“அண்ணன் எங்க?”

“பின்னாடி கெடக்கறாரு. முன்ன மாதிரி முடியறதில்லீங்க. காட்டுக்குப் போறத உட்டுட்டாரு.”

கூப்பிட்டார். வந்தவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் என் பக்கத்தில் நின்று கரண்டி கரண்டியாக ஊற்றியவர். சட்டைக்குள் ஆளே இல்லை. ஒரு கையால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். “வாங்க மேடம்” என்றார். அவர் பெயரை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அருளப்பன்.

மூச்செல்லாம் வாங்கிக்கொண்டிருக்கவில்லை. அப்படியே தருமபுரிக்கு அழைத்துப் போனேன். அதே டாக்டர். பேதிமருந்து குடிக்க வைத்து, மறுநாள் கேமராவில் பார்த்த பிறகு, ஸ்கேன் படத்தையும் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கட்டி கல்லீரலுக்குப் போய்விட்டது. மருந்து கொடுக்கலாம், கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதுவரைக்கும் நான் மூடிய கோப்புகளையெல்லாம் பிறகு திறந்தேன். வீட்டுக்குப் போன ஒவ்வொரு பையையும் தேடி, ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஊதியது யார் என்று கேட்டேன். சிலருக்கு ஞாபகம் இருந்தது, சிலருக்கு இல்லை. நீங்கள் நாளைக்கு முகாமுக்குப் போகிறீர்கள். பையை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். கெஞ்சுவார்கள், கோபிப்பார்கள், மேலிடம் விரட்டும், கொடுக்காதீர்கள். நேரில் பார்த்தேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரியை ஒரு தடவை படியுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் கோப்பை மூடுவதற்கு முன்னால் அந்த மூச்சு யாருடையது என்று கேளுங்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது எல்லாவற்றையும் அருளப்பனிடம் நானே சொன்னேன். என்ன திட்டுவாரோ என்று தலை குனிந்து நின்றேன். அவர் நழுவிய வேட்டியை இறுக்கிக்கொண்டார்.

“யாரு ஊதினாங்கன்னு அன்னிக்கே கேட்டிருந்தா, நாந்தான்னு சொல்லியிருப்பேனேங்க” என்றார். “யாரும் கேக்கலீங்களே.”